வணிகப் பயன்பாடு

முன்னால் பதினொரு பேர் நின்றார்கள். ஆவுடைத்தங்கம் மூன்று தடவை எண்ணிவிட்டாள், பதினொன்றுதான், உற்றுப் பார்த்தால் ஓர் ஆளாவது குறைந்துவிடப் போகிறானா என்ன. நகராட்சி வரி வசூல் அறையில் மூன்று சன்னல் உண்டு, பேருக்குத்தான் மூன்று. இரண்டில் அட்டையைச் சாத்தி வைத்திருந்தார்கள், ஒன்றில் மட்டும் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பத்து. இரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு மூடுவார்கள், அப்புறம் மூன்றரைக்குத்தான் திறப்பு. எதிர்த்தாப்பில், ரோட்டுக்கு அந்தப் பக்கம், தாலுகா ஆபீஸில் துணைத் தாசில்தார் மூன்று மணிக்கு வெள்ள நிவாரண மறு ஆய்வுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிடுவார், இன்றைக்குத்தான் கடைசி நாள், அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் பேர் ஏறாது. ஆக ஐம்பது நிமிஷம், அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு ஆள், ஆளுக்கு நாலு நிமிஷம் ஆனால் தப்பித்தோம். கணக்கில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, எட்டாங்கிளாஸோடு நிறுத்தினார்களே தவிர. வரியைக் கட்டினால் ரசீது. ரசீது இருந்தால் பட்டியலில் பேர். பேர் இருந்தால் இருபத்தைந்தாயிரம், என்றைக்காவது ஒரு நாள். கட்டாவிட்டால் இடுப்பில் சொருகியிருக்கிற பன்னிரண்டாயிரம் இடுப்பிலேயே இருக்கும். அந்த இடத்துக்கு வந்ததும் கணக்கு நின்றுவிட்டது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. வரியைக் கட்டினால் ரசீது.

பன்னிரண்டாயிரம் யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. பதினாலு மாசம் சீட்டுக் கட்டி, ஏலத்தில் தள்ளுபடி போக எடுத்த பணம். கோவில்பட்டியில் ஒருத்தன் பழைய கிரைண்டர் வைத்திருக்கிறான், பத்து லிட்டர், கல் நல்ல கல், மோட்டார் போன வருஷம்தான் காயில் கட்டியது, நாளைக்குக் காலையில் பணத்தோடு வந்தால் ஏற்றி அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வீட்டில் இப்போது ஓடுகிற கிரைண்டர் வாடகைக்கு எடுத்தது, ஒரு நாளைக்கு நூற்றைம்பது வாடகை, அதையும் ஒண்ணாம் தேதி திருப்பி வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள், அவர்களுக்கு ஏதோ கல்யாண சீசனாம். அப்போ ஒண்ணாம் தேதிக்குப் பிறகு? அதை நினைக்கக் கூடாது என்று காலையில் குளிக்கும்போதே தீர்மானம் செய்துகொண்டு வந்தவள், இங்கே வந்து வரிசையில் நின்ற அஞ்சு நிமிஷத்தில் நினைத்துவிட்டாள். கல்யாண மண்டபத்துப் பின்கட்டு. அண்டா, குத்துப்போணி, கரி பிடித்த தேக்சா. புருஷன் செல்லையா செத்த புதிதில் நாலு வருஷம் அங்கேதான் குனிந்த தலை நிமிராமல் ஏனம் விளக்கினாள். பந்தி முடிந்து இலை எடுக்கிறவர்கள்கூடச் சாப்பிட்ட பிறகுதான் பாத்திரக்காரிகளுக்குச் சோறு வரும், அதிலும் ரசம் இருக்கும், கூட்டு இருக்காது. நகக்கண் எல்லாம் வெந்துபோய், ராத்திரி கையைத் தலையணைக்கு அடியில் வைத்தால்தான் தூக்கம். அங்கேயிருந்து மீண்டு ஒரு கிரைண்டர் வாங்கி, அது ரெண்டாகி, மூணாகி, நாலு தெருவுக்கு இட்லி மாவு அவள் வீட்டு மாவுதான் என்று பேர் எடுத்து, திரும்பவும் அங்கேயா? செருப்பால் அடி, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாய்விட்டே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, முன்னால் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார். அவள் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்துப் பேர்.

எல்லாம் அந்த மார்கழியால் வந்த வினை. மார்கழியைச் சொல்லி என்ன, தன் கையைச் சொல்லணும். ஆற்றுத்தண்ணி விடியக்காலம் மூணு மணிக்குத் தெருவுக்குள் வந்தது, நாலரைக்குக் கட்டில் மிதந்தது. மூன்று கிரைண்டரும் முங்கிப்போச்சு, ஊறப்போட்டிருந்த பதினெட்டுப் படி அரிசியும் உளுந்தும் சாக்கடையோடு சாக்கடையாகப் போச்சு. ரெண்டு நாள் பள்ளிக்கூட மாடியில் இருந்துவிட்டு வந்து பார்த்தால் வீட்டுக்குள் முழங்கால் அளவு சகதி, ஒரு செத்த கோழி, யார் வீட்டுப் பிள்ளையோ எழுதிய கணக்கு நோட்டு. மறுநாள் மார்கழி பிறக்கிறது. வாசலை மூளியாகப் போட முடியுமா? அவளால் முடியாது, பிறந்த நாள் முதலாய்ப் பழக்கம் அப்படி. மூன்று கிரைண்டரையும் தள்ளுவண்டியில் ஏற்றி மெக்கானிக் கடைக்கு அனுப்பினாள், ஒன்றுகூடத் தேறாது என்று அவன் கையை விரித்தது பிற்பாடு, தனி மனுஷியாய்ச் சகதியை வாரி வெளியே கொட்டினாள், பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைத் தேய்த்தாள், சுவரில் தண்ணி நின்ற கோடு அசிங்கமாகத் தெரிந்தது என்று மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கரைத்து அதையும் அடித்தாள். பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். எக்கா, கழுவாதீங்க எக்கா, கணக்கெடுக்க ஆள் வாராம், வந்து பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் கழுவுவோம் என்று கெஞ்சினாள். ஊரான் வந்து பார்க்கிறதுக்காக நான் சகதியில் உட்காரணுமா என்று இவள் கேட்டாள், கேட்டதோடு நிற்காமல் இருபத்தொரு புள்ளிக் கோலம், சாணி உருண்டை, எங்கேயோ மேட்டில் தப்பிப் பிழைத்த கொடியில் பறித்த பூசணிப்பூ. மூணாம் நாள் கணக்கெடுக்கிறவன் வந்தான், சின்ன வயசு, பாவம், அவனும் மூணு நாள் தூங்காத முகம். கோலத்தை மிதிக்கக் கூடாதென்று வெளியிலேயே நின்று எட்டிப் பார்த்தான். நல்ல பிள்ளை என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டாள், காப்பி சாப்பிடுறீங்களா தம்பி என்று வேறு கேட்டாள். அவன் வேண்டாம்மா என்று சொல்லிவிட்டு என்னமோ எழுதிக்கொண்டு போனான். அவன் எழுதியது என்னவென்று ஏழு வாரம் கழித்துத்தான் தெரிந்தது: வீடு சுத்தமாக உள்ளது, இயந்திரம் எதுவும் இல்லை, பாதிப்பு இல்லை. மரியபுஷ்பத்துக்குத் தையல் மிஷினுக்கு உண்டான பணம் தை மாசமே வந்துவிட்டது. அவள் சகதியைக் கழுவாமல் வைத்திருந்தாள், புத்திசாலி.

ஒன்பது பேர். ஒன்று இருபத்திரண்டு. ஒரு கிழவர் சன்னலில் நின்று பழைய ரசீதுகளைக் கத்தையாக எடுத்து ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார், அந்தப் பெண் அதெல்லாம் வேண்டாம் தாத்தா, வரி எண் மட்டும் சொல்லுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லித் தொலையுமேன் ஐயா என்று ஆவுடைத்தங்கத்துக்கு வாய் வரைக்கும் வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது, தாலுகா ஆபீஸில் அவளும் இப்படித்தானே கத்தை கத்தையாக விரித்தாள். பதினோரு மாசம். முதலில் கிராம அலுவலரிடம் போனாள், அவர் ரெவின்யூ ஆய்வாளரைப் பாருங்க என்றார், அவர் மனு எழுதிக் கொடுங்க என்றார், கொடுத்தாள், மனு மேலே போயிருக்கு என்றார்கள், மேலே போய்க் கேட்டால் கீழே அனுப்பியாச்சு என்றார்கள். மேலுக்கும் கீழுக்கும் நடுவில் அந்த மனு எங்கே உட்கார்ந்து இளைப்பாறியதோ. சித்திரையில் தேர்தல் வேலை, ஆனியில் ஆள் மாற்றம், ஆவணியில் புது ஆள் வந்து இதென்ன பழைய கேஸ் என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் போகிறதென்றால் அன்றைக்கு மாவு கிடையாது, மாவு இல்லையென்றால் வாடிக்கை வேறு பக்கம் போகும், போனது திரும்பாது. இதையெல்லாம் மனுவில் எழுத இடமில்லை. ஆனால் ஒன்று, சர்க்காருக்குக் கண்ணே கிடையாது என்று யாராவது சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். வரி போடுகிற கண் நன்றாகத் தெரியும். ஆடி மாசம் நகராட்சி ஆள் வந்தான், கோலத்தையும் மிதித்தான், உள்ளேயும் வந்தான், வாடகைக் கிரைண்டரைச் சுற்றிப் பார்த்தான், சுவரில் மூன்று பிளக் பாயிண்ட் எதற்கு என்று கேட்டான், தெருவில் நாலு பேரிடம் எத்தனை வருஷமாக மாவு வாங்குகிறீர்கள் என்று விசாரித்தான். பத்தே நாளில் நோட்டீஸ். வணிகப் பயன்பாடு, மூன்று வருஷமாக, ஆறு அரையாண்டுக்கு வித்தியாசத் தொகை பதினோராயிரத்து எண்ணூற்று நாற்பது, கட்டத் தவறினால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும். வெள்ளக் கணக்கெடுத்தவனுக்குத் தெரியாத கடை வரிக்காரனுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு அவள் சிரித்தாள், ஒத்தையில் உட்கார்ந்து, வயிறு வலிக்கிற மட்டும் சிரித்தாள்.

சிரித்ததோடு விட்டிருக்கலாம். மறுநாள் நம்பிராசனிடம் போனாள், தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் டைப்ரைட்டர் வைத்து மனு அடிக்கிறவர், மனுவுக்கு நூறு ரூபாய். ஒரே உட்காரலில் ரெண்டு மனு. ஒன்று தாசில்தாருக்கு: ஐயா, நான் மூன்று கிரைண்டர் வைத்து மாவு வியாபாரம் செய்து பிழைத்து வந்த கைம்பெண், வெள்ளத்தில் எல்லாம் போய்விட்டது, நிவாரணம் வழங்க வேண்டும். இன்னொன்று நகராட்சி ஆணையருக்கு: ஐயா, என் வீட்டில் கடை ஏதும் இல்லை, வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே மாவு அரைக்கிறேன், வணிக வரியை நீக்க வேண்டும். இதுவும் அதுவும் இடிக்குதே அண்ணாச்சி என்று அவள் கேட்டாள். அது வேற ஆபீஸ், இது வேற ஆபீஸ், ரெண்டும் பேசிக்கிடாது, நீ கையெழுத்தைப் போடு என்று நம்பிராசன் சொன்னார். போட்டாள். ஒரே பேனா, ஒரே மை, ஒரே ஆவுடைத்தங்கம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடைக்காரி, இந்தப் பக்கம் கடை இல்லாதவள். அன்றையிலிருந்து அந்த ரோட்டைத் தாண்டும்போதெல்லாம் அவளுக்கு நடுவில் நிற்கிற மாதிரியே இருந்தது. யாராவது ஒரு நாள் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்? எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் தெரியுமாமே, ஆதார் நம்பரைத் தட்டினால் பூர்வோத்தரமே வருமாமே, அரசாங்கத்தை ஏமாற்றினாள் என்று கேஸ் போட்டால்? மாவு விற்கிறவள் மேல் யார் கேஸ் போடப் போகிறார்கள் என்று பகலில் தோன்றும். ராத்திரி தோன்றாது.

ஆறு பேர், ஒன்று முப்பத்தஞ்சு. பரவாயில்லை, ஓடுகிறது. கெண்டைக்கால் கடுத்தது, காலையில் ரெண்டு வாய் பழையதோடு வந்தவள், தாலுகா ஆபீஸில் பதினொரு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். துணைத் தாசில்தார் சங்கரவேல் புது ஆள், குரல் ஏறாத மனுஷன், அதுவே ஆறுதலாக இருந்தது. அவர் பழைய கணக்கெடுப்பை வாசித்துக் காட்டினார், இதுக்கு மாற்றாக ஓர் ஆதாரம் வேணும்மா, வெள்ளத்துக்கு முன்னாடி உங்க வீட்டில் தொழில் நடந்ததுன்னு அரசாங்கக் காகிதம் ஏதாவது இருக்கா என்று கேட்டார். அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. பையிலிருந்து வரி நோட்டீஸை எடுத்து நீட்டினாள். அவர் வாசித்தார், ஒரு தடவை அவளைப் பார்த்தார், திரும்ப வாசித்தார். நோட்டீஸ் யாருக்கு வேணும்னாலும் போடுவாங்க, கட்டின ரசீது கொண்டாங்க, ஏத்துக்கிட்டீங்கன்னு அதுதான் அத்தாட்சி, மூணு மணிக்குள்ள வந்தா உங்க பேரைச் சேர்த்துடுறேன் என்றார். பணம் கண்டிப்பாக வருமா சார் என்று கேட்டாள். பட்டியலில் சேர்ப்பதுதான் என் வேலை, வருவது மேலிடத்தைப் பொறுத்தது என்று அவர் சொன்னார். பொய் சொல்லாத மனுஷன். கொஞ்சம் பொய் சொல்லியிருந்தால் இந்த வரிசையில் நிற்கிறது இத்தனை பாடாக இருந்திருக்காது.

நாலு பேர். சன்னலில் என்னமோ நின்றுவிட்டது, சர்வர் வரலை, கொஞ்சம் பொறுங்க என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் பாட்டிலில் தண்ணி குடித்தது. ஒன்று நாற்பது. ஆவுடைத்தங்கம் சன்னல் பக்கம் கழுத்தை நீட்டினாள், கூடவே, சீ, மனசின் சின்னத்தனத்தை என்னவென்று சொல்ல, ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. சர்வர் வரவில்லையென்றால் அவள் குற்றமில்லை. இரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள், பன்னிரண்டாயிரத்தோடு வீட்டுக்குப் போகலாம், நாளைக்குக் கோவில்பட்டி, நாளை மறுநாள் சொந்தக் கிரைண்டர், சர்க்காரும் வேண்டாம் அதன் நிவாரணமும் வேண்டாம். நல்லாத்தானே இருக்கு? நல்லாத்தான் இருக்கு. ஆனால் வரி நோட்டீஸ் போகுமா, போகாது, கடை இல்லை என்று எழுதின மனு ஒரு நாள் தள்ளுபடியாகும், குழாயை அறுப்பார்கள், தண்ணியில்லாமல் உளுந்து எங்கே ஊறப்போட. வரியையும் கட்டி, நிவாரணமும் இல்லாமல், ரெண்டும் கெட்டுப் போகும். அதுவும் பெரிசில்லை. மூணு கிரைண்டர் முங்கினதை ஒருத்தன் இல்லையென்று எழுதியிருக்கிறான், அந்தக் காகிதம் அப்படியே நின்றுவிடும். அதுகூடப் போகட்டும், அவன் பார்த்ததை எழுதினான். கடை இல்லை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனே. விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து ஆறு வருஷம் அரைத்ததை, மாவு புளித்த வாடை தலைமுடியிலேயே ஒட்டிக்கிடந்த ஆறு வருஷத்தை, நூறு ரூபாய் கொடுத்து நானே இல்லையென்று ஆக்கினேனே. சர்க்கார் ஒரு தடவை அழித்தது, நான் ஒரு தடவை அழித்தேன். இந்த இடத்துக்கு வந்ததும் கணக்கு நின்றது, ஆனால் இந்தத் தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. சர்வர் வரணும், என்று அவள் வேண்டிக்கொண்டாள், இசக்கியம்மா, இப்பவே வரணும். வந்துவிட்டது.

அவள் முறை வந்தபோது மணி ஒன்று ஐம்பத்தொன்று. வரி எண்ணைச் சொன்னாள், அந்தப் பெண் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கியது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கு, இதில் பணம் வாங்க முடியாது, வாபஸ் வாங்கிக்கிறேன்னு ஒரு கடிதம், காரணத்தோட, வேணும் என்றது. நம்பிராசனைத் தேடிப் போக நேரமில்லை. ஒரு வெள்ளைத்தாள் குடும்மா என்று வாங்கிச் சன்னல் கட்டையிலேயே வைத்து எழுதினாள். பின்னால் நின்றவர் விரைசலா எழுதுங்க தாயீ என்று முனகினார். பேர், விலாசம், வரி எண், மேற்படி மனுவை வாபஸ் பெறுகிறேன். காரணம் என்று எழுதிவிட்டுப் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, என் வீட்டில் கடை இல்லை என்று எழுதியது பொய், வரிக்குப் பயந்து எழுதினேன், கடை ஆறு வருஷமாக இருக்கிறது, என்று நாலு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண் வாசித்துவிட்டுத் தாழ்ந்த குரலில், “பொய்னு எல்லாம் எழுதாதீங்கம்மா. தவறுதலாகன்னு மாத்திடுங்க” என்றது.

“தவறுதலா இல்லம்மா. தெரிஞ்சுதான் எழுதினேன்” என்றாள் ஆவுடைத்தங்கம். “அப்படியே இருக்கட்டும்.”

அந்தப் பெண் முத்திரையை எடுத்துக் கடிதத்தில் குத்தியது, கையை நீட்டியது. இடுப்பிலிருந்து பணத்தை எடுத்து ஆவுடைத்தங்கம் எண்ணிக் கொடுத்தாள். ஐந்நூறு ஐந்நூறாக இருபத்துநாலு நோட்டு. நூற்றறுபது ரூபாய் மிச்சம் வந்தது, ஒரு நாள் கிரைண்டர் வாடகைக்குச் சரி, பத்து ரூபாய்க்கு ஒரு டீயும் குடிக்கலாம். குடிக்கவில்லை. ரோட்டைத் தாண்டும்போது வெயில் உச்சியைப் பிளந்தது, ஒரு மினி பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். கோவில்பட்டிக்காரனுக்குப் போன் போட்டு நாளைக்கு வரலை என்று சொல்லணும், வாடகைக்காரனிடம் இன்னும் ஒரு மாசம் கேட்கணும், தர மாட்டேன் என்பான், தரும்வரை அவன் வாசலில் நிற்கணும். நிற்கிறதில் இப்போது அவளுக்கு நல்ல பழக்கம்.

இரண்டு பத்துக்கு ரசீதைத் துணைத் தாசில்தார் மேசையில் வைத்தாள். அவர் தேதியைப் பார்த்தார், தொகையைப் பார்த்தார், வணிகப் பயன்பாடு என்ற இடத்தில் விரலை வைத்து இன்னொரு தடவை வாசித்தார், பட்டியலில் கடைசி வரியில் அவள் பேரைத் தன் கையாலேயே எழுதினார். எழுதினதைக் காட்டுங்க சார் என்று கேட்டு வாங்கிப் பார்த்தாள். நூற்று நாற்பத்து மூன்று, ஆவுடைத்தங்கம், கணவர் பெயர் செல்லையா லேட், மாவு அரைவை, இயந்திரம் மூன்று. எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. அவர் பட்டியலை மூடி வைத்துவிட்டு, மறு ஆய்வுக்கு ஆள் வரும், அப்புறம் மாவட்ட ஆபீஸ், அப்புறம் கருவூலம், ரெண்டு மாசமும் ஆகலாம் ஆறு மாசமும் ஆகலாம் என்று விவரம் சொன்னார். கடைசியில், பணம் வந்தா போன் பண்ணுவாங்க, இனிமே நீங்க அலைய வேண்டாம்மா, என்று நிஜமான அக்கறையோடுதான் சொன்னார்.

“போன் வரட்டும் சார். நானும் வாரேன்.”

“எதுக்கும்மா?”

“நான் வந்த நாள்லதான் சார் என் மனு ஒரு மேசை தள்ளிப் போயிருக்கு” என்றாள். “நாளைக்கும் மறுநாளும் லீவு. திங்கக்கிழமை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?”

அவர் பேனாவை மூடி வைத்தார். பத்து மணி என்றார். ஒன்பதே முக்காலுக்கு வந்துவிடுவதாக ஆவுடைத்தங்கம் சொன்னாள்.